அவளின் கிட்டாரை விடுங்கள், தொழிற்சாலையைக் கேளுங்கள்



நம் குழுவில் ஒரு தோழி அண்மையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். ஹெவி மெட்டல் வாசிக்கவென்றே செய்தது. கறுப்பு உடல், கண்ணாடி மாதிரி மினுங்கும் பூச்சு, அம்புமுனை போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்பு. விலை 1,800 டாலர். பகுதிநேர வேலையில் ஒரு வருஷமாகச் சேர்த்த காசு. படத்தைக் குரூப் சாட்டில் போட்டார். பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்.

அடி இரண்டு பக்கமிருந்து விழுந்தது. முதலாவது எங்கட பக்கத்திலிருந்தே: "இந்தக் காசை வன்னிக்கு அனுப்பியிருக்கலாம்", "விளம்பரத்துக்கு மயங்கிற இடதுசாரி", "இதெல்லாம் வெள்ளைப் பெடியளின்ர விளையாட்டு." இரண்டாவது வீட்டுப் பக்கத்திலிருந்து, யாரோ படத்தைக் காட்டியதால்: "வீணை படிச்ச பிள்ளை, இதென்ன சத்தம்? எங்கட கலாசாரமே இது?" அவர் படத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்த இரண்டு கூட்டங்களுக்கும் வரவில்லை.

இதை ஒரு சின்னக் கோபதாபம் என்று விட்டுவிடலாம். நான் விட விரும்பவில்லை. ஒரு பொருளை வாங்கியவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது மிகவும் சுலபம். அந்தப் பொருளைச் செய்தவர்களின் பக்கம் நிற்பது கஷ்டம். சுலபமானதைச் செய்துவிட்டு அரசியல் செய்ததாக நினைத்துக்கொள்ளுகிறோம். கிட்டாருக்கு ஒரு அரசியல் இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. ஆனால் அதை வாங்கியவளின் மனச்சாட்சிக்குள் தேடிப் பிரயோசனமில்லை. அது தொழிற்சாலையில் இருக்கிறது, காட்டில் இருக்கிறது, கடைசியாக நாங்கள் பாடப்போகும் மொழியில் இருக்கிறது.

எங்கட கலாசாரம் எது?

முதலில் பெரியவர்களின் கேள்வியை எடுப்பம், அதற்குப் பதில் சொல்வது எளிது.

ஆக்லாந்தில் ஒரு அரங்கேற்றம் நடக்கிறது என்று வையுங்கள். மண்டப வாடகை, இந்தியாவிலிருந்து வரும் பக்கவாத்தியக்காரர்களின் விமானச் சீட்டு, பட்டுச் சேலைகள், முன்னூறு பேருக்குச் சாப்பாடு. அந்தக் கணக்கில் இந்தக் கிட்டாரைப் போல பல கிட்டார் வாங்கலாம். அங்கே யாரும் எழும்பி "இந்தக் காசை வன்னிக்கு அனுப்பியிருக்கலாமே" என்று கேட்பதில்லை. மேடையில் இருக்கும் மிருதங்கத்தை யார் செய்தது என்றும் கேட்பதில்லை.

மிருதங்கம் தோல் வாத்தியம். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் அதற்கு வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வாரிழுத்து, நாதம் வரும்வரை வித்வானோடு உட்கார்ந்து வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். டி.எம்.கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றி "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் அனுமதி கொடுத்த சென்னை கலாக்ஷேத்ரா பிறகு அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. வாசிப்பவரின் பெயர் சபையில் ஒலிக்கும், செய்தவரின் பெயர் வாசலுக்கு வெளியே நிற்கும். "எங்கட கலாசாரம்" என்று நாங்கள் சொல்லும் வாத்தியத்திலும் இதுதான் கதை. ஆகவே மறைக்கப்பட்ட உழைப்பு மின்சாரக் கிட்டாருக்கு மட்டும் உரிய பாவம் இல்லை.

வெளியிலிருந்து வந்தது என்பதும் நிற்காது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுஸ்வாமி தீட்சிதர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடியுமா? யு.ஸ்ரீநிவாஸ் சின்னப் பிள்ளையாக மேடையேறியது மின்சார மாண்டலினோடு. பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் கீர்த்தனை வாசிக்கிறார். வந்த வாத்தியத்தைத் தனதாக்கிக்கொள்வது தமிழ் இசைக்குப் புதுப் பழக்கம் இல்லை.

இன்னொன்றை எங்கட பக்கத்துத் தோழர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவில் அவர் பாடிய பாட்டுகள் அந்த வெற்றியின் பகுதியாக இன்றும் பேசப்படுகின்றன. அவரோடு அதே கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்த தம்பிதான் இளையராஜா. சென்னைக்கு வந்து, இசையமைப்பாளராவதற்கு முன்பு, கூலிக்குக் கிட்டார் வாசித்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், பறையையும் சட்டியையும் கானாவையும் கிட்டாரையும் ஒன்றாக நிறுத்திச் சாதியைப் பற்றிப் பாடியது. ஆகவே இடதுசாரித் தமிழருக்கும் கிட்டாருக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. நாங்கள் புதுசா அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

விரல் போன தொழிலாளியின் சத்தம்

இனி "வெள்ளைப் பெடியளின்ர விளையாட்டு" என்ற பேச்சு.

பர்மிங்காமில் டோனி அயோமி என்று ஒரு பெடியன் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தான். வயது 17. வேலையை விட்டு இசைக்குழுவோடு போகப்போகிறான், அன்றுதான் கடைசி நாள். அன்றைக்கு இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவன் இடக்கை வாசிப்பாளன், ஆகவே தந்தியை அழுத்துகிற கை அது. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீக்காயத்தால் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் வாசித்த கலைஞர் அவர். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். கனமான தந்தி விரலை நோகச் செய்ததால் மெல்லிய தந்தி போட்டார். பிறகு தந்தியைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970இல் வந்தது, சுருதியை நன்றாக இறக்கி வாசித்த ஆல்பம் 1971இல். ஹெவி மெட்டலின் அந்த இருண்ட, கனத்த ஒலியில் ஒரு பங்கு தொழிற்சாலை விபத்திலிருந்து வந்தது. அதே குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் பாடகராவதற்கு முன் செய்த வேலைகளில் ஒன்று இறைச்சிக்கூடத்தில்.

இதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை. மெட்டலுக்குள் ஆணாதிக்கம் இருக்கிறது, இனவாதக் குழுக்களும் இருக்கின்றன. அவற்றோடு சண்டை பிடிக்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் இது வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் செய்த சத்தம். தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் செய்து எங்களை வளர்த்த அப்பா அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்கத் தேவையில்லை.

"சரி, ஏன் இவ்வளவு பகட்டு? சாதாரண கிட்டார் போதாதா?" ஃப்ளையிங் வி வடிவத்தை கிப்சன் நிறுவனம் 1958இல் வெளியிட்டபோது யாரும் பெரிதாக வாங்கவில்லை. எதிர்காலத்திலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும் என்று செய்தார்கள், ஆனால் அந்தக் காலத்துக்குப் பிடிக்கவில்லை. மேடையில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் பிறகு அதைத் தேடி எடுத்தார்கள். காவடிக்கு மயிலிறகு எதற்கு? தேருக்கு ஏன் அத்தனை சிற்பம்? யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸுக்கு ஏன் அத்தனை வண்ண விளக்கு? எங்கட சனம் பகட்டை எப்பவோ புரிந்துகொண்டது. உழைக்கிறவர்கள் மங்கலாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இடதுசாரி எண்ணம் இல்லை, அது மேல்தட்டு ரசனை. அதிலும் ஒரு பெண் மேடையில் கொம்பு வைத்த கிட்டாரோடு கால் அகட்டி நிற்பது சிலருக்குப் பொறுக்கவில்லை என்றால், பிரச்சினை விலையில் இல்லை.

4,464 நாட்கள்

இப்போது கேட்க வேண்டிய கேள்விக்கு வருவம்.

தென்கொரியாவின் கோர்டெக் நிறுவனம் கோர்ட் என்ற பெயரில் கிட்டார் செய்கிறது. அதோடு பிரபலமான மற்ற நிறுவனங்களுக்கும் அவர்களுடைய பெயர் போட்டுச் செய்துகொடுக்கிறது. கடையில் வேறு வேறு பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் கிட்டார்கள் ஒரே கூரையின் கீழ் செய்யப்பட்டிருக்கலாம். அந்த நிறுவனத்துக்கு இஞ்சியோனிலும் தேஜோனிலும் ஆலைகள் இருந்தன. ஜன்னல் இல்லாத தொழிற்கூடம், மரத்தூள், வார்னிஷ் ஆவி, மணிக்கணக்கான மிகைநேர வேலை: தொழிலாளர்கள் பின்னால் சொன்ன சாட்சியம் இது. அவர்கள் யூனியன் அமைத்தார்கள். 2007இல் இஞ்சியோன் ஆலையில் ஆட்களை நீக்கினார்கள். தேஜோன் ஆலையை ஒரேயடியாக மூடினார்கள். 2008இல் இஞ்சியோனும் மூடப்பட்டது. உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது.

அந்தத் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கூடாரம் போட்டார்கள், கோபுரத்தில் ஏறினார்கள், பட்டினி கிடந்தார்கள். நீதிமன்றம் போனார்கள், 2014இல் கொரிய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாழ்நாள் முழுக்கக் கிட்டார் செய்தும் வாசிக்கத் தெரியாத அந்த மனிதர்கள் வாசிக்கப் பழகி, தாங்களே ஒரு இசைக்குழு ஆனார்கள். அதுதான் என்னை உலுக்கிய விஷயம். 2010இல் அமெரிக்காவில் இசைக்கருவி வணிகக் கண்காட்சி நடக்கும் நேரம் பார்த்து அங்கே போனார்கள். ரேஜ் அகென்ஸ்ட் த மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். 2019 ஏப்ரலில், 42 நாள் பட்டினிப் போராட்டத்துக்குப் பிறகு, நிறுவனம் வருத்தம் தெரிவித்து உடன்பாட்டில் கையெழுத்திட்டது. போராட்டம் தொடங்கி 4,464 நாட்கள் ஆகியிருந்தன. கடைசிவரை நின்ற மூன்று பேர் மீண்டும் வேலைக்குச் சேர்க்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் ஓய்வு பெற்றார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு முதலாளியை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு என்ன வேலை? அந்தத் தொழிலாளர்கள் வெளிநாட்டு ரசிகர்களிடம் "கிட்டார் வாங்கினதுக்கு வெட்கப்படுங்கோ" என்று கேட்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லுங்கள், எங்கள் நிறுவனத்திடம் வேலை வாங்கும் பெரிய பிராண்டுகளை நெருக்குங்கள் என்றுதான் கேட்டார்கள். வெட்கம் தனி ஆளின் உணர்வு. நெருக்குதல் கூட்டமாகச் செய்யும் வேலை.

நாங்கள் இதைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் இல்லை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் திறந்தது. அங்கே தைத்த உடுப்பு எங்கள் எல்லோருடைய அலுமாரியிலும் இருக்கும். அந்த வலயத்துப் பெண்களுக்கு உதவியது நாங்கள் சட்டை வாங்காமல் விட்டதா? 2011இல் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். அரசு மசோதாவைத் திரும்ப எடுத்தது. மசோதாவை நிறுத்தியது தெருவுக்கு வந்த தொழிலாளர்கள்தான்.

இந்தோனேசியத் தொழிலாளியையும் மறக்க வேண்டாம். "கொரியாக்காரரின் வேலையைப் பறித்தவர்" அவர் இல்லை. அதே முதலாளி, குறைந்த கூலி. அங்கே யூனியன் அமைக்கும் உரிமை பலமாக இருந்தால்தான் இங்கே மூடிவிட்டு அங்கே ஓடும் விளையாட்டு நிற்கும்.

ஈட்டி மரம்

தந்தியை அழுத்தும் அந்தப் பட்டையைப் பாருங்கள். பல கிட்டார்களில் அது இந்திய ரோஸ்வுட். எங்கட மொழியில் அதற்குப் பெயர் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், தோட்டங்களில் நிழல் மரமாகவும் வளர்வது. வெட்டி வெட்டிக் குறைந்துபோனதால் தமிழ்நாடு அரசு 1994ஆம் வருஷப் பெயரில் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டார் நிறுவனங்களும் இசைக்குழுக்களும் முறையிட்டன. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

அந்த மலைகள் எங்களுக்கு அந்நியமும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை ஒரு கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களாகப் பிரித்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலரைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். காட்டை வெட்டித்தான் அந்தத் தோட்டமும் வந்தது. மரம் இழந்த ஆதிவாசியும் நாடு இழந்த தோட்டத் தொழிலாளியும் ஒரே மலையில், ஒருவர் மேல் ஒருவர் ஏற்றப்பட்டவர்களாக நிற்கிறார்கள். "ரோஸ்வுட்" என்று கடைச் சீட்டில் படிப்பதை "ஈட்டி" என்று படித்துப் பாருங்கள். அந்தப் பட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கேள்வி தானாக வரும்.

முதலில் மொழி, பிறகு கிட்டார்

சத்தத்தை எதற்குப் பயன்படுத்துவது? இதற்குப் பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஏலியன் வெப்பன்ரி என்ற குழு 2010இல் ஆக்லாந்தில் தொடங்கியது. ஹென்றி, லூயிஸ் டி யோங் என்ற இரண்டு மாவோரிச் சகோதரர்கள். அப்போது வயது 10, 8. பிறகு குடும்பம் வடக்கே வைப்புவுக்குப் போனது. 2016இல் பள்ளி மாணவர்களுக்கான இரண்டு தேசிய இசைப் போட்டிகளிலும் ஒரே வருஷத்தில் வென்றார்கள். 2018இல் "தூ" என்ற முதல் ஆல்பம். அதில் பெரும் பகுதி தே ரெயோ மாவோரியில். "ரௌபாத்து" என்ற பாட்டு 1863இல் குடியேற்ற அரசு மாவோரி நிலத்தைப் பறிக்கப் போட்ட சட்டத்தைப் பற்றியது. "ரூ ஆனா தே ஃபெனுவா" 1864 ஏப்ரல் 29இல் பிரித்தானியப் படையோடு நடந்த புக்கெஹினாஹினா சண்டையைப் பற்றியது. அவர்களுடைய மூதாதை ஒருவர் அதில் இறந்தார். ஐரோப்பாவின் பெரிய மெட்டல் விழாக்களில் ஒரு சொல்லும் புரியாத கூட்டம் அந்தப் பாட்டுகளுக்குத் தலையாட்டியது.

சட்டம் போட்டு நிலம் பறிப்பது பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கு சனம் 1990இல் வெளியேற்றப்பட்டு, பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பல பத்து வருஷம் தங்கட வளவைப் பார்க்க முடியாமல் இருந்தது. கேப்பாப்புலவு மக்கள் 2017இல் படைமுகாம் வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். இதைப் பற்றி நாங்கள் எத்தனை அறிக்கை எழுதினோம்! எத்தனை பாட்டு எழுதினோம்?

ஆனால் அந்தச் சகோதரர்களைப் பார்த்து "கிட்டார் எடுத்தால் மொழி பிழைக்கும்" என்று எண்ணினால் கதையைத் தலைகீழாகப் படிக்கிறோம். 1970இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் எங்கட வயதுப் பிள்ளைகள் ங்கா தமாத்தோவா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1972இல் அவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு மாவோரி மொழிக்காக நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1982இல் முதலாவது கோஹங்கா ரெயோ, அதாவது பாட்டிமாரும் தாத்தாமாரும் குழந்தைகளோடு மாவோரி மட்டுமே பேசும் மொழிக்கூடு. 1985இல் மேற்கு ஆக்லாந்தின் ஹோவானி வைத்தித்தி மராயேயில் முதலாவது குரா கௌபப்பா, மாவோரி வழிப் பள்ளி. 1987இல் அரசமொழிச் சட்டம். டி யோங் சகோதரர்கள் அப்படியான ஒரு பள்ளியில் படித்தவர்கள். காலையில் பள்ளியில் ஹாக்கா செய்து வளர்ந்தவர்கள். அந்தக் கிட்டாருக்குப் பின்னால் நாற்பது வருஷ மொழிப் போராட்டம் நிற்கிறது.

எங்கள் பக்கம் என்ன இருக்கிறது? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, இரண்டு மணி நேரம், வயது பத்தானதும் பலர் நின்றுவிடுகிற ஒன்று. 1903க்கும் 1916க்கும் இடையில் மதராஸிலிருந்து கப்பலேற்றி ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாப்பாட்டோயெட்டோயிலும் மனுக்காவிலும் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். சங்கம் 1926இலிருந்து இருக்கிறது, கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது. வீட்டு மொழி பெரும்பாலும் ஃபிஜி ஹிந்தி. அது அவர்களின் குற்றம் இல்லை, தோட்டம் செய்த வேலை. எங்கட அடுத்த தலைமுறைக்கு ஆங்கிலம் அதையே செய்யும். நானே கோபம் வந்தால் ஆங்கிலத்தில்தான் கத்துகிறேன்.

சிங்கப்பூரில் 1992இலிருந்து ருத்ரா என்ற குழு இருக்கிறது. கதிர் முன்னின்று பாடுகிறார். தென்கிழக்காசிய மெட்டலில் மதிக்கப்படும் பெயர், மூன்று பத்து வருஷ உழைப்பு. அவர்கள் தேர்ந்தது வேதாந்தமும் சமஸ்கிருத மந்திரமும். அது அவர்களின் தெரிவு. ஆனால் தமிழ்ப் பிள்ளை மெட்டல் வாசிக்கும்போது ஆங்கிலமோ சமஸ்கிருதமோதான் கம்பீரமாகத் தெரிகிறது என்றால், அந்தக் கம்பீரத்தை யார் முடிவு செய்தது என்று கேட்கத்தானே வேண்டும்?

தமிழுக்கு இந்தச் சத்தம் பொருந்தாது என்று சொல்லாதீர்கள். எழுத்தின் ஒரு பிரிவுக்கே வல்லினம் என்று பேர் வைத்த மொழி இது. "வெட்டு", "கொட்டு", "பற்று", "மறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளங்கையால் தந்தியை அமத்தி வாசிக்கும் ரிஃப் அதிலேயே இருக்கிறது. கருப்பொருளுக்கும் பஞ்சமில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணத்தைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. எந்த நோர்வேக்காரன் அதை வெல்ல முடியும்? பேய்களை எடுத்துக்கொள்ளுவம், அரசனை விட்டுவிடுவம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மாவோரிப் போராட்டத்தை எங்கள் மேடைக்கு அலங்காரமாக எடுக்க எங்களுக்கு உரிமையில்லை. பறிக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் நாங்கள் குடியேறி இருக்கிறோம். 2024 நவம்பரில் ஒப்பந்தத்துக்கான ஹீக்கோய் ஊர்வலம் ஹார்பர் பாலத்தைக் கடந்தபோது எங்களில் பலர் கூட நடந்தோம். அந்த மாதிரிக் கூட நடப்பதுதான் எங்கள் வேலை. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அந்தப் பொறுமையைத்தான்: முதலில் மொழிக்கூடு, பிறகு பள்ளி, பிறகு மேடை.

ஆகவே, செய்யலாம்

சந்தா விஷயம் முதலில். "வன்னிக்கு அனுப்பியிருக்கலாம்" என்று ஒருவரின் கிட்டாரைப் பார்த்துச் சொல்வதற்குப் பதில், எல்லோரும் வருமானத்துக்கு ஏற்ற மாதச் சந்தா கட்டுவம். அதைக் கட்டிய பிறகு மிச்சக் காசில் யார் கிட்டார் வாங்கினார், யார் சப்பாத்து வாங்கினார் என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. வெட்கத்தால் சேர்க்கும் காசு இரண்டு மாதம் வரும். சந்தா வருஷக்கணக்கில் வரும்.

அடுத்தது, 1,800 டாலர் எல்லோரிடமும் இல்லை, அதுவும் உண்மை. குழுவுக்குப் பொதுவாக ஒரு பழைய கிட்டார், ஒரு ஆம்ப், இரண்டு மைக், இரண்டு பறை வாங்கி வைப்பம். பதினாறு வயதுப் பிள்ளை வந்து கேட்டால் நூலகப் புத்தகம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். பழைய கிட்டாருக்குப் புது மரம் வெட்டத் தேவையில்லை.

மூன்றாவது, கடைக்குப் போகும்போது கேள்வியோடு போங்கள். எந்த ஆலையில் செய்தது? அங்கே யூனியன் இருக்கிறதா? கடையில் நிற்கும் பெடியனுக்குப் பதில் தெரிந்திருக்காது, அவனும் கூலிக்கு நிற்பவன், அவனோடு சண்டை வேண்டாம். அதே கேள்வியைக் குழுவாக, எழுத்தில், பிராண்டுக்கு அனுப்புவம். இங்குள்ள யூனியன் தோழர்களையும் இசைக்கலைஞர்களையும் சேர்த்துக் கையெழுத்திடுவம். ஆலையில் அடுத்த போராட்டம் வரும்போது எங்களுக்கு அவர்களின் பெயரும் முகவரியும் தெரிந்திருக்கும்.

கடைசியாக, தமிழில் பாட்டு எழுதும் பட்டறை ஒன்றை இந்த வருஷமே தொடங்குவம். தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவரையும் கூப்பிடுவம், ஃபிஜித் தோழர்களையும் கூப்பிடுவம். மெட்டல் பிடிக்காதவர்கள் கானாவோ ராப்போ கொண்டுவாங்கோ. கிட்டார் வாசிக்க ஆள் வேண்டும். அதற்கு நாங்கள் முதலில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச்சொல்ல வேண்டியிருக்கும். வரும்போது ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு வாங்கோ. எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, அங்கே திருத்துவம்.